பச்சைப்புள்ளி அக்கா தேடிப்போன புத்தகம்

மேடையில் வீற்றிருக்கும் தலைமை நூலகர் அவர்களே, எனக்கு முன்னால் உருக்கமாகப் பேசி அமர்ந்திருக்கும் வாசகர் வட்டத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் கைகளைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அக்காவின் கணவர் அவர்களே, பெரியோர்களே, தாய்மார்களே! பின்னால் தலையைக் குனிந்து கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருக்கும் இளைஞர்களே! வேறொரு கூட்டமாக இருந்தால் உங்களை நான் முறைத்திருப்பேன். இன்று முறைக்க மாட்டேன். அக்கா உங்களைச் சந்தித்தது அந்தச் சின்னத் திரையில்தானே? அவரை நினைத்துக்கொள்ளவும் அதுவே தகுந்த இடம்.

இளைஞர் பிரிவு நூலகர் என்பது நிர்வாகம் அவருக்குக் கொடுத்த பதவி. பச்சைப்புள்ளி அக்கா என்பது நீங்கள் கொடுத்த பட்டம். நூலகத்தின் அரட்டைக் கணக்கில் அவர் பெயருக்குப் பக்கத்தில் எப்போது பார்த்தாலும் ஒரு பச்சைப்புள்ளி எரியும். ஆள் இருக்கிறார், கேட்கலாம் என்று அதற்கு அர்த்தம். என்னைவிட வயதில் சின்னவர்தான். ஆனாலும் ஊரே அக்கா என்றபோது நான் மட்டும் என்ன சொல்லிக் கூப்பிடுவது? நானும் அக்கா என்றே கூப்பிட்டேன்.

அந்தப் பச்சைப்புள்ளி இப்போதும் எரிகிறது. அதைச் சொல்லத்தான் எழுந்து வந்திருக்கிறேன். உங்களைப் பயமுறுத்த அல்ல. புத்தகம் கொடுத்து வாங்கும் மேசையில் காலமெல்லாம் உட்கார்ந்திருப்பவன் நான். கதை கட்டத் தெரியாது. பார்த்ததைப் பார்த்தபடி சொல்லிவிட்டுப் போகிறேன்.

பிள்ளைகள் நூலகத்துக்கு வருவதே நின்றுபோயிருந்த காலம் அது. வராத பிள்ளைகளைத் தேடி நாம் போவோம், அவர்கள் கையில் இருக்கும் பெட்டிக்குள்ளேயே போவோம் என்றார் அக்கா. ஊழியர் கூட்டத்தில் முதல் ஆளாக மறுத்தவன் நான். அமைதி காக்கவும் என்று சுவரெல்லாம் பலகை மாட்டிவிட்டு, அரட்டை அடிக்க ஒரு ஜன்னலைத் திறப்பதா என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. “சத்தம் வராது சார்” என்றார். அவ்வளவுதான். அதற்கு மேல் யாரால் வாதாட முடியும்?

முதலில் சில வாரங்கள் ஈ ஓட்டினார். வந்த ஒரே செய்தி, எப்போது வீட்டுக்கு வருவாய் என்று இதோ இங்கே அமர்ந்திருக்கும் கணவர் கேட்டதுதான். பிறகு ஒரு பையன் கேட்டான், உள்ளே வந்தால் யாராவது முறைப்பார்களா என்று. அக்கா என்ன பதில் போட்டார் தெரியுமா? “மேசையில இருக்கறவர் முறைப்பார். கண்டுக்காதீங்க, அவர் முகமே அப்படித்தான்.” மறுநாள் அந்தப் பையன் வந்தான், என் முகத்தை உற்றுப் பார்த்தான், சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே ஓடினான், திரும்பி வந்து உறுப்பினர் ஆனான். அவன் பின்னால் எத்தனை பேர் வந்தார்கள்! இந்தக் கூடத்தில் பாதிப் பேர் என் முகத்தைப் பார்க்க வந்தவர்கள்தான் என்று எனக்குத் தெரியும்.

அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. எந்தக் கேள்விக்கும் நாற்காலியில் உட்கார்ந்தபடி பதில் சொல்ல மாட்டார். பதில் வாய் நுனியில் இருந்தாலும் சரி, கணினியில் ஒரு தட்டுத் தட்டினால் வந்துவிடும் என்றாலும் சரி, “இருங்க, பார்த்துட்டு வரேன்” என்று எழுதிவிட்டு எழுந்து அலமாரிக்குப் போவார். புத்தகத்தைக் கையில் எடுத்துப் பிரித்துப் பார்த்த பிறகுதான் பதில். எதற்கு இந்த வீண் அலைச்சல் என்று நானே கடிந்திருக்கிறேன். யாரோ ஒருவர் தனக்காக எழுந்து நடந்து போகிறார் என்பது அந்தப் பிள்ளைக்குத் தெரிய வேண்டும் என்பார். அந்த நடையை நம்பி எத்தனை பிள்ளைகள் காத்திருந்தார்கள்! வந்து சொல்வார் என்று தெரிந்தால் காத்திருப்பது ஒரு கஷ்டமா?

இனிச் சொல்லப்போவதைச் சொல்ல எனக்குச் சிரமமாக இருக்கிறது.

ஒரு முற்பகலில் அப்படி எழுந்து போனவர்தான், கடைசி வரிசையில் அலமாரிகளுக்கு நடுவே சரிந்து விழுந்தார். சத்தம் கேட்டு ஓடினோம். மருத்துவர் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. வண்டி வந்து அவரை எடுத்துக்கொண்டு போனது. அதன் பிறகு நாங்கள் என்ன செய்தோம் என்று நினைக்கிறீர்கள்? அழுதோமா? இல்லை. அவரோடு சரிந்து கிடந்த ஏணியை நிமிர்த்தினோம். அவர் கையிலிருந்து விழுந்து தரையில் கிடந்த புத்தகத்தை எடுத்து அதன் இடத்தில் செருகினோம்.

நூலகத்தில் வேலை பார்க்காதவர்களுக்கு இது புரியாது. தரையில் புத்தகம் கிடந்தால் எங்களால் தாண்டிப் போக முடியாது. கண் புத்தக முதுகில் இருக்கும் எண்ணைப் பார்க்கும், கை இடத்தில் செருகும், மூளைக்குச் சேதியே போகாது. அன்று செருகியவர் எங்கள் அலமாரி அடுக்கும் அண்ணன். எந்தப் புத்தகம் என்று பிறகு கேட்டபோது அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். “கை வெச்சிடுச்சு சார். மனசு பார்க்கல” என்றார்.

அது எந்தப் புத்தகமாக இருந்தால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் இருந்தேன், அக்காவின் கணக்கைத் திறந்து பார்க்கும் வரை. அதில் கடைசியாகப் பேசியிருந்தது அரைத்தூக்கம் என்று புனைபெயர் வைத்துக்கொண்ட ஒரு பெண். யார், எந்தத் தெரு, தெரியாது. சிறு வயதில் அவளுடைய அப்பா இங்கிருந்து ஒரு கதைப் புத்தகம் எடுத்துப் போய்ப் படித்துக் காட்டியிருக்கிறார். ஒரு பெண் தனியாகப் படகில் போகிறாள், அக்கரையிலிருந்து யாரோ அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், அந்த இடத்தில் நிறுத்தி, மீதி நாளைக்கு என்று சொல்லியிருக்கிறார். மறுநாள் மருத்துவமனைக்குப் போனவர் திரும்பவில்லை. புத்தகத்தை யாரோ கொண்டுவந்து எங்களிடம் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். தலைப்பும் தெரியாது, எழுதியவரும் தெரியாது. அட்டையில் ஒரு காலிப் படகு இருந்தது என்பது மட்டும்தான் அவளுக்கு நினைவு.

“கூப்பிட்டது யாருன்னு தெரியணும் அக்கா. இந்த மாசக் கடைசியில நாங்க ஊரை விட்டே போறோம். அதுக்குள்ள கிடைக்குமா?” என்று கேட்டிருக்கிறாள். அதற்குக் கீழே அக்காவின் கடைசிச் செய்தி, இருங்க, பார்த்துட்டு வரேன். அதற்கும் கீழே, நாள் தவறாமல் அந்தப் பெண், அக்கா, அக்கா என்று.

எங்கள் நூலகத்தில் கிழிந்த அட்டைகளை எல்லாம் பிய்த்துப் போட்டுவிட்டுப் பழுப்புத் துணியில் புது அட்டை கட்டிவிடுவார்கள். கடைசி வரிசை முழுக்க ஒரே பழுப்பு. எந்தப் பழுப்புக்குள் அந்தப் படகு இருக்கிறது என்று பார்த்த கண் அக்காவுடையது மட்டும்தான். நானும் அண்ணனும் வேலைக்கு நடுவே புரட்டிப் புரட்டிப் பார்த்தோம். கதைகளில் படகுக்கா பஞ்சம்? கிடைக்கவில்லை. கிடைக்காமல் அந்தப் பெண்ணுக்கு என்னவென்று எழுதுவது?

அப்போதுதான் நான் அதைக் கவனித்தேன். அக்கா பெயருக்குப் பக்கத்தில் பச்சைப்புள்ளி. அரைத்தூக்கத்தின் செய்திகளுக்குக் கீழே, தட்டச்சு செய்கிறார் என்ற சொற்கள் தோன்றும். நிற்கும். மறுபடி தோன்றும். எந்தச் செய்தியும் வராது. அக்காவின் கைப்பேசி வீட்டு அலமாரியில் அணைந்து கிடக்கிறது என்றார் கணவர். கணினி பார்க்கும் தம்பியை அழைத்தேன். கடவுச்சொல்லை மாற்றினார், எல்லா இடத்திலும் கணக்கை மூடினார், பிறகு திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். “எல்லாத்தையும் மூடிட்டேன் சார். ஆனா எங்கயோ திறந்திருக்கு” என்றார். தேநீர் கொடுத்தேன், குடிக்காமல் போய்விட்டார்.

இன்று காலை அடுக்கும் அண்ணன் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். சிரிக்கக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டு, “கடைசி வரிசையில தினமும் ஒரு புத்தகம் துருத்திட்டு நிக்குது சார். நான் தினமும் உள்ள தள்ளிட்டே இருக்கேன்” என்றார். ஒரே புத்தகமா என்று கேட்டேன். தெரியாது என்றார். நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். ஏனென்றால் நானும் அந்த வழியாகப் போகும்போது தள்ளியிருக்கிறேன். துருத்திய புத்தகத்தைச் சமப்படுத்தாமல் எங்களால் நடக்க முடியுமா? ஒருவர் நமக்காகத் தேடி எடுத்து நீட்டிக்கொண்டே இருக்கிறார், நாமோ ஒழுங்கு என்ற பெயரில் அவர் கையைத் திருப்பித் திருப்பித் தள்ளிக்கொண்டே இருக்கிறோம்!

இருவரும் அங்கே போனோம். வரிசை நூல் பிடித்த மாதிரி இருந்தது. அண்ணன் ஏற்கெனவே தள்ளிவிட்டிருந்தார். அவரை அழைத்துக்கொண்டு வரிசையின் முனைக்கு வந்து நின்றேன். யாரும் உள்ளே போகவில்லை. எட்டிப் பார்த்தபோது நடு அடுக்கில் ஒரு பழுப்புப் புத்தகம் வெளியே நின்றுகொண்டிருந்தது. எடுத்துப் பிரித்தேன். படகு இருந்தது. அக்கரை இருந்தது. கூப்பிடும் குரல் வருகிற பக்கத்தில் ஓரம் மடிக்கப்பட்டிருந்தது. பக்கத்தை மடிப்பவர்களை நான் எப்படித் திட்டுவேன் என்பது உங்களுக்குத் தெரியும். இந்த மடிப்பை நான் நிமிர்த்தவில்லை. அடுத்த பக்கத்தையும் படிக்கவில்லை. அது எனக்கு எழுதப்பட்டதல்ல. இருந்தபடியே, துருத்தியபடியே வைத்துவிட்டு வந்தேன்.

மேசைக்குத் திரும்பி அதே கணக்கிலிருந்து அந்தப் பெண்ணுக்கு எழுதினேன், நான் மேசையில் இருப்பவன், புத்தகம் கிடைத்துவிட்டது, மாலையில் இங்கே ஒரு கூட்டம் இருக்கிறது, வா என்று. என்ன கூட்டம் என்று எழுதக் கை வரவில்லை. உடனே பதில் வந்தது. “அக்கா காலையிலயே சொல்லிட்டாங்களே. கடைசி வரிசையில நீட்டிட்டு இருக்கும், இனிமே யாரும் தள்ள மாட்டாங்கன்னு.”

எங்கள் திரையில் அப்படி ஒரு செய்தி இல்லை. மேலும் கீழும் தேடிவிட்டேன். இல்லை.

வாசகர் வட்டத் தலைவர் பேசும்போது, அக்காவின் நினைவாக அந்தக் கணக்கை மூடி வைத்துவிடலாம் என்றார். நல்ல மனத்தோடு சொன்னார். ஆனால் ஐயா, கேட்டுவிட்டுக் காத்திருக்கும் பிள்ளைகளை என்ன செய்வது? அவர்களிடம் ஜன்னல் சாத்தியாகிவிட்டது என்று யார் சொல்வது? அன்று மறுத்த நானே இன்று கேட்கிறேன், அந்தக் கணக்கை என்னிடம் கொடுங்கள். எனக்கு வேகமாகத் தட்டத் தெரியாது. எழுத்துப்பிழை வரும், பிள்ளைகள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். கேள்வி வந்தால் நாற்காலியை விட்டு எழுந்து நடப்பேன். முழங்கால் வலிக்கும், நடப்பேன். என்னோடு நடக்க அண்ணனும் தயார், தம்பியும் தயார். இது இந்த நூலகம் அக்காவுக்குக் கொடுக்கும் வாக்கு.

அரைத்தூக்கம் என்று எழுதும் பெண்ணே! நீ எங்கே உட்கார்ந்திருக்கிறாய் என்று எனக்குத் தெரியாது. அக்கா போய்விட்டார் என்பதை இப்படி ஒரு கூட்டத்தில் கேட்க வைத்துவிட்டேன். எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கிறது அம்மா. மாதக் கடைசி வந்துவிட்டது, நாளைக்கு நீ ஊரை விட்டுப் போகிறாய். உன் பெயரை யாரும் கேட்க மாட்டோம். உன் முகத்தையும் யாரும் பார்க்க மாட்டோம். நாற்காலிகளை எல்லாம் கடைசி வரிசை அலமாரிகளுக்கு முதுகு காட்டிப் போடச் சொன்னது அதற்காகத்தான். நாங்கள் மௌனமாக நிற்கும்போது நீ போய் அதை எடுத்துக்கொள். திருப்பித் தர வேண்டாம்.

அனைவரும் எழுந்து நிற்கும்படி கேட்டுக்கொள்கிறேன். கண்களை மூடிக்கொள்ளுங்கள். நானும் மூடிக்கொள்கிறேன், காதில் விழுவதை மட்டும் சொல்கிறேன்.

யாரோ எழுந்து போகிறார்கள். யாரும் திரும்ப வேண்டாம். அந்த வரிசைக்குள் போய்விட்டார்கள். நின்றுவிட்டார்கள்.

புத்தகத்தை எடுத்துவிட்டார்கள்.

திரும்பி வருகிறார்கள். முன்வரிசையில் நிற்கும் ஐயா, தயவுசெய்து கண்ணைத் திறக்காதீர்கள். கூடக் கேட்கும் அந்த நடை உங்களுக்குத் தெரிந்திருக்கும். எனக்கும் தெரிகிறது. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வாசல் வரைக்கும் இரண்டு பேர் நடக்கிறார்கள். படியிறங்குவது ஒருவர்தான்.