தட்டோரத்து அம்பு ஸ்டிக்கர்

அவிநாசியிலிருந்து திருப்பூருக்குப் போகும் காலை மினிபஸ். கேசட்டில் ஒரு பக்கம் முடிந்து பாட்டு நின்றதால்தான் முன்சீட்டுப் பேச்சு எனக்குக் கேட்டது. இரண்டு பெண்களும் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்ப்பவர்கள். ஜன்னலோரம் இருந்தவர் இந்தப் பக்கத்துக்காரர். மற்றவர் பேச்சில் திருநெல்வேலி.

“என்ற புள்ள சோத்தைச் செக்கிங் பண்றாளுங்க.”

“என்னக்கா சொல்லுதிய?”

“கேரட்டு, பீன்ஸு, வெங்காயம் எல்லாத்தையும் பொறுக்கித் தட்டோரமா ஒதுக்கீருவா. ஆறு வயசாச்சு, எடையே ஏறலீங்க. அடிச்சும் பாத்தாச்சு. அப்பறம் நம்ம அம்பு ஸ்டிக்கர் இருக்குதில்லீங்க, துணியில ஓட்டை இருந்தா ஒட்டுறது, அதுல ஒரு ஷீட்டைக் கையில கொடுத்துட்டேன்.”

“சாப்பாட்டுல ஒட்டவா?”

“தட்டோரத்துலீங்க. ஆனா கம்பெனி ரூல்தான்: என்ன குத்தம்னு சொல்லாம ரிஜெக்ட் பண்ணக் கூடாது. குத்தம் சொல்லோணும்னா கடிச்சுப் பாக்கோணுமில்லீங்க?”

“கடிச்சாளா?”

“கேரட்டைக் கடிச்சுட்டு, ‘கெட்டியா இருக்குது’ன்னு அம்பு ஒட்டுனா. இது ரிஜெக்ட் இல்ல கண்ணு, ஆல்டர், சரி பண்ணீரலாம்னு சொல்லி இன்னும் கொஞ்சம் வேக வெச்சுக் கொண்டாந்தேன்.”

“பொறவு?”

“ரெண்டு துண்டு பாஸ் ஆயிருச்சுங்க. முழுங்கியும் போட்டா!”

கண்டக்டர் விசில் ஊதினார். இருவரும் டிபன் பாக்ஸோடு எழுந்தார்கள்.

“அக்கா, எனக்கும் ஒரு ஷீட்டு வேணும்.”

“உங்க புள்ளதான் எல்லாம் திங்குமேங்க?”

“புள்ளைக்கு இல்லக்கா, அவ அப்பாவுக்கு. பாவக்காயைப் பாத்ததுமே எந்திரிச்சிருதாவ. இனிமே கடிச்சுப் பாத்து, குத்தத்தைச் சொல்லிட்டு எந்திரிக்கட்டும்.”