தோற்றவர் கேட்டால்

தோற்பதில் எனக்கு ஒரு சங்கடமும் கிடையாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், மேடம். மாநில அரசுச் செயலகத்தில் காலம் தள்ளியவன் நான். அங்கே தோற்கப் பழகாதவன் பென்ஷன் வரைக்கும் தாக்குப்பிடிக்க மாட்டான். ஓய்வு பெற்ற பிறகு தினமும் காலையில் காபி குடித்துவிட்டு செல்போனில் ஒரு ஆட்டம் செஸ் ஆடுவேன். ஜெயித்தாலும் தோற்றாலும் அன்றைய பேப்பரை ஒரே மாதிரிதான் படிப்பேன்.

நடந்ததை என் கைப்பட எழுதித் தரச் சொன்னீர்கள். கன்னடத்தில் எழுதவும் எனக்குத் தடையில்லை. ஆனால் இன்ஸ்பெக்டர் வீணா ஒக்கலிபுரத்துத் தமிழ்ப் பெண் என்று உங்கள் ஏட்டய்யா சொன்னதால் தமிழிலேயே எழுதுகிறேன். இது ஒரு மரியாதைக்காக. இந்த விவகாரம் முழுவதுமே மரியாதை சம்பந்தப்பட்டதுதான் என்பது போகப் போக உங்களுக்கே விளங்கும்.

எங்கள் மல்லேஸ்வரம், யஷ்வந்த்பூர் பக்கத்து செஸ் பிரியர்களுக்கு இணையத்தில் ஒரு குழு உண்டு. அரட்டைக்கு வாட்ஸ்அப்பில் தனியாக ஒன்று. டாக்டர், வக்கீல், கம்ப்யூட்டர் கம்பெனிப் பிள்ளைகள் என்று எல்லோரும் நல்லவர்கள். ஆட்ட நாகரிகம் மட்டும் ஒருவருக்கும் தெரியாது. ஆகவே நடத்தை விதிகளை நானே வரைந்து அனுப்பினேன். அதில் முக்கியமானது இது: தோற்றவர் மறு ஆட்டம் கேட்டால் வென்றவர் ஆடியே ஆகவேண்டும். எழுந்து போகும் உரிமை தோற்றவருக்கு மட்டும்தான். ஜெயித்த சூட்டோடு கிளம்புகிறவன், பந்தியில் பாயசம் வரைக்கும் சாப்பிட்டுவிட்டு, வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் செருப்பை மாட்டுகிறவன். விதிகளுக்குப் பலர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள். கிரணும் காட்டினான். அதை நான் கையெழுத்தாகவே எடுத்துக்கொண்டேன்.

கிரணை உங்களுக்குத் தெரியும். யஷ்வந்த்பூரில் அம்மாவோடு இருந்த பையன். தினமும் மெட்ரோ பிடித்து ஜெயநகர் பக்கம் ஒரு கம்பெனிக்குக் கணக்கெழுதப் போவான். சாதுவான பிள்ளை. குதிரையை மட்டும் ரவுடித்தனமாக ஆடுவான். ஒரு நாள் காலை அந்தக் குதிரையை வைத்தே என் ராஜாவை மூலையில் முடக்கினான். பிரமாதமான ஆட்டம் என்று மனதாரப் பாராட்டிவிட்டு ரீமேட்ச் பொத்தானை அழுத்தினேன். ‘எதிராளி வெளியேறிவிட்டார்’ என்று திரையில் வந்தது. மறுநாளும் தோற்றேன், மறுநாளும் அதே வாசகம். அந்த வாரம் முழுக்க அப்படித்தான்.

யார் பெயரையும் குறிப்பிடாமல், வென்றவரின் கடமை பற்றிய விதியைக் குழுவில் மறுபடியும் போட்டேன். கிரண் உடனே தனியாகப் பதில் அனுப்பினான். “ஸாரி அங்கிள், ஆபீஸ் போற அவசரம். இன்னொரு நாள் கண்டிப்பா ஆடலாம்.” கூடவே கும்பிடும் கைகள்.

எனக்குக் கோபம் வரவில்லை. செயலகத்தில் ஒரு கோப்பு நகரவில்லை என்றால் நாங்கள் கோபப்பட மாட்டோம். தடை எது என்று பார்ப்போம், அதை நீக்குவோம். இங்கே தடை ஆபீஸ்.

அவன் கம்பெனிக்கு ஒரு நலம்விரும்பியாக ஈமெயில் எழுதினேன். அவன் ஆடிய ஆட்டங்களைப் படம் பிடித்து இணைத்தேன். எல்லாம் ஆபீஸுக்குப் போகும் வழியில் ஆடியவை என்பதால் நேரம் காலை வேளையாக இருந்தது. படிப்பதற்கு அது அவ்வளவு எடுப்பாக இல்லை. கொஞ்சம் தள்ளி, வேலை நேரமாகத் திருத்தினேன். வரைவைத் திருத்துவது எனக்குக் கைவந்த கலை. வாடிக்கையாளர் கணக்குகளைத் திறந்து வைத்துக்கொண்டே ஆடுகிறான் என்று ஒரு வரியும் சேர்த்தேன். அந்த மாதமே அவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இந்த வயதுப் பிள்ளைகளுக்கு ஓய்வு எங்கே கிடைக்கிறது, நீங்களே சொல்லுங்கள்.

ஓய்வு கிடைத்தும் அவன் ஆட வரவில்லை. நானே விசாரித்தேன். “வேலை போயிடுச்சு அங்கிள். பொண்ணு வீட்ல என்ன சொல்லுவாங்களோன்னு பயமா இருக்கு. இப்ப மைண்ட் சரியில்ல” என்றான்.

அதாவது, அடுத்த தடை கல்யாணம்.

நிச்சயதார்த்தப் படத்தைக் குழுவில் அவனே போட்டிருந்தான். ரக்ஷா என்ற பெண். லட்சணமான முகம், நான்கூட வாழ்த்து அனுப்பினேன். அப்பா கோவிந்தப்பாவுக்கு ஆனேக்கல்லில் ஹார்டுவேர் கடை. கடை நம்பரைக் கண்டுபிடிப்பது ஒரு பெரிய காரியமில்லை. பையன் இரவு பகலாக செல்போனில் பந்தயம் கட்டி ஆடுகிறான், வேலை போனதே அதனால்தான் என்று பதமாக எடுத்துச் சொன்னேன். பந்தயம் என்பது என் கற்பனை. ஆனால் சூதாட்டம் என்ற சொல்லை நான் உபயோகிக்கவில்லை என்பதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். அவர், “தும்பா தேங்க்ஸ் சார், ரொம்ப தேங்க்ஸ். தெய்வம் மாதிரி சொன்னீங்க. என் பொண்ணு தப்பிச்சா” என்றார். நன்றி சொல்லத் தெரிந்த மனிதர். இப்போதெல்லாம் அது அபூர்வம்.

நிச்சயம் முறிந்தது. கிரண் குழுவில் எட்டிப் பார்ப்பதையே நிறுத்திவிட்டான். வேலையும் இல்லை, கல்யாணமும் இல்லை, இன்னும் என்னதான் செய்கிறான் என்று எனக்கு உண்மையிலேயே புரியவில்லை. போன் போட்டேன்.

“அம்மாவுக்கு டயாலிசிஸ் அங்கிள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் கூட்டிட்டுப் போகணும். அங்க உக்காந்து ஆட மனசு வரல.”

“பாவம். எப்படிப்பா கூட்டிண்டு போறே?”

“எத்திராஜ் அண்ணன்னு நம்ம டிரைவர் ஒருத்தர் இருக்காரு. டைமுக்குக் கரெக்டா வந்துடுவாரு. அவர் இல்லேன்னா கஷ்டம்.”

எனக்கும் வெளியூர் போக நம்பகமான டிரைவர் தேவை என்றேன். நம்பர் கொடுத்தான். கேட்டதைத் தட்டாமல் கொடுக்கிற பிள்ளை. மறு ஆட்டம் ஒன்றைத் தவிர.

அந்த நாளைப் பற்றி நீங்கள் இரண்டு முறை கேட்டீர்கள். சொல்கிறேன். நல்ல மழை. அவன் அம்மா தனக்கோடிக்கு முந்தைய முறை மிஷின் பழுதாகி டயாலிசிஸ் நடக்கவில்லை. காலையிலிருந்தே மூச்சு வாங்குகிறது என்று கிரண் எனக்குச் செய்தி அனுப்பியிருந்தான். அதைப் படித்த பிறகுதான் எத்திராஜைக் கூப்பிட்டேன். கிரணின் பக்கத்து வீட்டுக்காரர் என்று சொல்லிக்கொண்டேன். இன்றைக்கு டயாலிசிஸ் கிடையாதாம், நீங்கள் வரவேண்டாமாம் என்றேன்.

“அப்டியா சார்? அம்மாவுக்கு ஒடம்பு பரவால்லியா?”

“ரொம்பப் பரவாயில்லை” என்றேன்.

என் கணக்கு எளிமையானது. கார் வராவிட்டால் வீட்டிலேயே இருப்பான். காத்திருக்கிற நேரத்தில் மனிதன் செல்போனைத்தானே கையில் எடுப்பான். பலகையைத் திறந்து வைத்து, அவனை ஆட்டத்துக்கு அழைத்துவிட்டுக் காத்திருந்தேன். அவன் வரவில்லை. முடியாது என்று மறுக்கும் மரியாதைகூட இல்லை. அந்த நேரத்தில் அவன் எத்திராஜ் வருவார் வருவார் என்று பார்த்துவிட்டு, கடைசியில் தெருமுனையில் நனைந்துகொண்டு ஆட்டோவுக்குக் கை காட்டிக்கொண்டிருந்தான் என்று பிறகு தெரிந்தது. மழை நாளில் பெங்களூர் ஆட்டோக்காரர்கள் எப்படி என்று போலீஸ்காரரான உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அவர்களையும் விசாரிக்கலாமே என்று தோன்றுகிறது. ஒருவழியாக ஆட்டோ கிடைத்தது. பாதி வழியில், சிக்னலில் நிற்கும்போதே அந்த அம்மாளின் உயிர் போய்விட்டது.

நான் நேரில் போய்த் துக்கம் விசாரித்தேன். கிரண் என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதான். “குரூப்ல இருந்து நீங்க ஒருத்தர்தான் அங்கிள் வந்தீங்க” என்றான். அங்கே நான் ஆட்டத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. எதற்கும் சமய சந்தர்ப்பம் இருக்கிறது.

நேற்று நீங்கள் ஒன்று சொன்னீர்கள். “கிரண் வேணும்னு ஆட்டத்தை விட்டுப் போகல சார். ஸம்பிகே ரோடு ஸ்டேஷன் தாண்டினா ட்ரெயின் சுரங்கத்துக்குள்ள எறங்கிடும். அவரு போன்ல சிக்னல் கட் ஆயிடும். நீங்க ரீமேட்ச் கேட்டது அவரு போனுக்குப் போய்ச் சேரவே இல்ல.” நான் மெட்ரோவில் ஏறியதில்லை, எனக்கு அது புதிய தகவல். ராத்திரி முழுக்க யோசித்தேன். ஸம்பிகே ரோட்டில் இறங்கி, பிளாட்பாரத்தில் நின்று ஒரு ஆட்டம் ஆடிவிட்டு அடுத்த ரயிலைப் பிடித்திருக்கலாமே. பின்னாலேயே அடுத்த ரயில் வருகிறது என்கிறார்கள். மனம் இருந்தால் முடிந்திருக்கும்.

அன்று போன் செய்தது என் நம்பர்தான் என்று எத்திராஜ் காட்டியபோதுகூட கிரண் நம்பவில்லை என்றீர்கள். “அங்கிள் அப்படிப் பண்ண மாட்டாரு மேடம், வேற யாரோ” என்றானாம். நல்ல வளர்ப்பு. அந்தத் தாயை நான் மதிக்கிறேன். அவள் சாவுக்கு நான்தான் காரணம் என்று எழுத வேண்டுமென்றால் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். வேலையைப் போக்கியதும் கல்யாணத்தை நிறுத்தியதும் காரைத் திருப்பியதும் நான்தான். ஒன்றையும் மறுக்கவில்லை.

மிச்சம் இருப்பது ஒரே விஷயம். நீங்கள் கேட்கவில்லை, ஆனால் எழுதாவிட்டால் வாக்குமூலம் முழுமையாகாது. காரியங்கள் எல்லாம் முடிந்து, எத்திராஜ் விஷயம் வெளியே வருவதற்கு முன்னால், ஒரு நாள் காலை கிரண் தானாகவே ஆட வந்தான். “இப்ப ஃப்ரீதான் அங்கிள். எவ்ளோ நேரம் வேணாலும் ஆடலாம்” என்று எழுதினான். ஆடினோம். அவன் கவனம் ஆட்டத்தில் இல்லை. ராணியைச் சும்மா தூக்கிக் கொடுத்தான். நான் ஜெயித்தேன். நேர்மையான வெற்றி, மேடம். எத்தனை மாதத்துக்குப் பிறகு.

திரையில் ரீமேட்ச் அழைப்பு வந்தது. கீழே அவன் செய்தியும் வந்தது.

“இன்னொண்ணு ஆடலாமா அங்கிள்? வீட்ல தனியா இருக்க முடியல. ப்ளீஸ்.”

மறுத்துவிட்டேன். விதி எனக்குத் தெரியாமல் இல்லை, எழுதியவனே நான்தான். ஆனால் எந்த விதியும் பொறுப்புள்ள மனிதர்களுக்காக எழுதப்படுவது. வேலையில்லாமல், வீட்டில் யாருமில்லாமல், காலை முதல் இரவு வரை செல்போனும் கையுமாக உட்கார்ந்திருக்கிற ஒருவனை மனதில் வைத்து யாரும் விதி எழுத மாட்டார்கள். அப்படிப்பட்டவர்களுக்கெல்லாம் மறு ஆட்டம் கொடுக்க ஆரம்பித்தால், அப்புறம் நமக்கு வேறு வேலையே இருக்காது.