மார்லண்ட் மட்டும்

ஆமா தம்பி, வாசல் காலியாத்தான் இருந்துச்சு. டேப் வச்சு அளக்கவே வேணாம், நாலு கார் தாராளமா நிக்கும். பனியக்கூட நான் காலையில எழுந்ததும் தள்ளி ஒதுக்கிட்டேன். ஆனா என் தம்பி டேல் காரை நிறுத்தினது ரோட்டுக்கு அந்தாண்ட. அதோ, அந்தத் தபால்பெட்டிக்கு நேரா.

புரியுது. இன்சூரன்ஸ்ல இருந்து வந்திருக்கீங்க, கேக்கத்தான் செய்வீங்க. இவ்ளோ இடத்தை விட்டுட்டு, எதிர்ல வர்றது தெரியாத பனியில, ஒருத்தன் எதுக்கு ரோட்டோரமா நிறுத்தி, டிக்கியத் திறந்துக்கிட்டு, முதுகைக் காட்டிட்டு நிக்கணும்? அந்தப் பிக்கப் வண்டி சறுக்கி வந்து இடிச்சது இடிச்சதுதான், ஆனா இவனும் கவனமா இல்லையே, பாதித் தப்பு இவன் மேலயும்தானேன்னு எழுதப் போறீங்க. டேல் பொண்டாட்டி மார்சிகிட்ட உங்க ஆபீஸ்ல ஏற்கெனவே அப்படித்தான் சொன்னாங்களாம். அவ எனக்குப் போன் பண்ணினா. அக்கா, அவரு அவ்ளோ கவனமில்லாதவரான்னு கேட்டா. அதையே மூணு தடவ கேட்டா.

உக்காருங்க. பூட்ஸ அந்தத் தட்டுலயே விட்டுடுங்க, தண்ணி வடியட்டும். காபி போட்டு வச்சிருக்கேன். இந்தாங்க, பாதாம் ரொட்டி. கூச்சப்படாதீங்க, சாவு வீட்டுக்கு ஊர்க்காரங்க கொண்டாந்தது. டிசம்பர்ல அப்பாவுக்குன்னு கொஞ்சம் வந்துச்சு, ஜனவரியில டேலுக்குன்னு கொஞ்சம். ஃப்ரீசர்ல இடமே இல்ல.

சொல்றேன். ஷெட் கதவுக்கு மேல ஒரு பலகை இருக்குல்ல, அதைப் போட்டோ எடுத்தீங்களே. மார்லண்ட் மட்டும்னு போட்டிருக்கும். அதான் காரணம்.

மார்லண்ட் தெரியாதா? வயசென்ன உங்களுக்கு? இருபத்தாறா. அப்ப சரி. நீங்க நடை பழகறப்பவே அது செத்துப்போச்சு.

கார் தம்பி. இந்த ஊர்ல செஞ்ச கார். இப்ப வர்ற வழியில ஆத்துப் பாலம் தாண்டினதும் ஒரு பெரிய வெட்டவெளி பாத்திருப்பீங்க, வேலி போட்டு, உள்ள ஒண்ணுமே இல்லாம? அதான் ஃபேக்டரி இருந்த இடம். மார்லண்டுங்கிறவரு முதல்ல குதிரை வண்டிதான் செஞ்சாராம். ஒரு நாள் குதிரைய அவுத்து விட்டுட்டு அந்த இடத்துல இன்ஜின வச்சாரு, அவ்ளோதான் கதைம்பாரு எங்கப்பா. அப்பா பேரு கெரிட். அம்பத்தஞ்சுல அவரு சேர்ந்தப்ப அங்க ஒம்பதாயிரம் பேரு. சங்கு ஊதினா ஊரே கடிகாரத்தைத் திருப்பி வைக்கும். சர்ச் கடிகாரமும்தான். டாக்டர்னா மார்லண்ட்ல வருவாரு, வக்கீல்னா மார்லண்ட்ல வருவாரு. கார் மூக்குல ஒரு வெள்ளி நாரை, கழுத்தை நீட்டிக்கிட்டு நிக்கும். நாங்க சின்னதுல ரோட்டுல நின்னு நாரைய எண்ணுவோம். மத்தக் கம்பெனி கார எண்ணினா சீக்கிரம் முடிஞ்சிடும், அதான் நாரைய எண்ணுவோம்னு டேல் சொல்வான்.

அப்பாவுக்கு வேலை கதவு மாட்டுறது. இடதுபக்க முன்கதவு. நாப்பத்துநாலு வருஷமும் அதே இடதுபக்க முன்கதவு. மாட்டிட்டு ரெண்டு விரல் வச்சுத் தள்ளுவாரு. தொப்புனு மூடணும். டப்புனு சத்தம் வந்தா அவுத்து மறுபடி மாட்டுவாரு, பின்னாடி வர்ற கார் வரிசையே நின்னாலும் சரி. கல்யாணத்துக்குப் போனா வெளிய நிக்கிற கார் கதவையெல்லாம் திறந்து சாத்திப் பாத்துட்டு வருவாரு. மனுசனைத் திருடன்னு நெனச்சு அடிக்கப் போறாங்கன்னு அம்மா தலையில அடிச்சுக்கும்.

பலகைக்கு வர்றேன். ஃபேக்டரி வாசல்ல ரெண்டு இடம் தம்பி, கார் நிறுத்த. கேட்டுக்குப் பக்கத்துல மார்லண்டுக்கு. வேற கம்பெனி கார் வச்சிருந்தா ரயில் தண்டவாளத்துக்கு அந்தப்பக்கம் போய் நிறுத்திட்டு, பனியிலயும் காத்துலயும் அரை மைல் நடந்து வரணும். யாரும் ஏன்னு கேட்டதில்ல. அடுத்த வீட்டுல சாப்ட்டுட்டு நம்ம வீட்டுல வந்து கை கழுவினா எப்படி இருக்கும், அது மாதிரின்னு வச்சுக்கோங்க. அந்தப் பழக்கத்தை அப்பா வீட்டுக்கும் கொண்டாந்துட்டாரு. பாதிரியார் வந்தாலும் ரோட்டுலதான் நிறுத்தணும். ஒரு தடவ சேத்துல நடந்து வந்து, கெரிட், பரலோக வாசல்லயும் இப்படிப் பலகை இருந்தா நான் என்ன பண்றதுன்னு கேட்டாரு பாவம். அப்பா சிரிக்காம, நல்ல காரா வாங்குங்கன்னாரு. முந்தின வருஷம் அப்பா சறுக்கி விழுந்து இடுப்பு போனப்ப ஆம்புலன்ஸ் வந்துச்சு. ஸ்ட்ரெச்சர்ல கிடந்துக்கிட்டே, அது என்ன வண்டின்னு கேக்குறாரு. நான் பொய் சொன்னேன்.

எப்படிப் போச்சுன்னா, அது ஒரே நாள்ல போகல. எழுபத்துமூணுல பெட்ரோலுக்கு வரிசை நின்னாங்கல்ல, அப்ப எங்க கார் ஒவ்வொண்ணும் படகு மாதிரி நீளம், பெட்ரோலைக் குடிக்கும். யாரும் வாங்கல. வாங்காட்டியும் செஞ்சுக்கிட்டே இருந்தாங்க. வைக்க இடமில்லாம கண்காட்சித் திடல்ல கொண்டுபோய் நிறுத்தினாங்க. அந்த வருஷம் பனி ஜாஸ்தி. திடல் முழுக்க வெள்ளை, அதுக்கு மேல வரிசை வரிசையா நாரை தலை மட்டும். எனக்குப் பன்னெண்டு வயசு. அப்பா என்னைக் கூட்டிட்டுப் போய்க் காட்டினாரு. வீட்டுக்கு வந்து சூப் குடிச்சோம்.

அப்புறம் பதறியடிச்சு ஒரு சின்ன கார் விட்டாங்க. எம்பதுல. நான் வேலைக்குச் சேர்ந்த வருஷம் அது. ஸீட்டு போல்ட்டு முடுக்குறது எனக்கு. பனி உருகணும்னு ரோட்டுல போடுற உப்பு ரெண்டு குளிர்காலத்துலயே அடித்தகட்டைத் தின்னுடும், காலடி விரிப்பைத் தூக்கினா ரோடு ஓடறது தெரியும். ஏரி உறைஞ்சதும் அதை மேல ஓட்டிட்டுப் போனா கீழ இறங்காமலே மீன் பிடிக்கலாம்னு எங்க சித்தப்பா சொல்வாரு. ஊரே சிரிச்சுது. சிரிச்சவங்கள்ல பாதிப் பேருக்கு அடுத்த வருஷம் வேலை இல்ல.

டேலும் அப்படி வேலை போனவன்தான். ரெண்டே வருஷம் பாத்தான், எம்பத்தஞ்சுல சீட்டைக் கொடுத்து அனுப்பிட்டாங்க. மூணு வருஷம் சும்மா கிடந்தான். கென்டக்கியில ஜப்பான்காரன் ஃபேக்டரி திறந்ததும் அங்க போயிட்டான். எம்பத்தொம்போது நவம்பர், வான்கோழி விருந்துக்கு அங்க செஞ்ச கார்லயே வந்தான். அப்பா வாசல்ல நடுவுல போய் நின்னாரு. கோட்டுகூடப் போடல. நீ வா, அது வேணாம்னாரு. இவன் என்ன அப்பா, இது நான் செஞ்ச காருன்னான். அதனாலதான் வேணாம்னாரு. அவன் ரிவர்ஸ் எடுத்தான், ரோட்டுக்கு அந்தப்பக்கம் விட்டுட்டு நடந்து வந்தான். உள்ள வந்து ரெண்டு பேரும் நல்லாத்தான் சாப்ட்டாங்க. உருளைக்கிழங்க மாத்தி மாத்திப் போட்டுக்கிட்டாங்க. அதுல இருந்து முப்பத்தஞ்சு வருஷம், எப்ப வந்தாலும் தபால்பெட்டிக்கு நேராதான்.

எனக்கா? எனக்கும் ஒருத்தரு வந்தாரு. வெர்ன்னு பேரு. பால் பண்ணை. அவருகிட்ட வேற கம்பெனி பிக்கப். ரெண்டு வருஷம் ரோட்டுல நிறுத்திட்டு வந்துட்டுப் போயிட்டு இருந்தாரு. லோரி, உள்ள நிறுத்த விடச் சொல்லி உங்க அப்பாகிட்ட ஒரு வார்த்தை சொல்லேன்னாரு. நான் சொல்லல. அப்புறம் வரல. அதை எழுத வேணாம், அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல.

கடைசியில பெரிய கம்பெனி ஒண்ணு மார்லண்ட வாங்கிச்சு. அவங்க கார்ல எங்க நாரைய ஒட்டி வித்தாங்க. பசைதான் தம்பி, ஒட்டுறது நிஜமா பசை. கதவு ரெடியா மாட்டி வந்துடும். அடுத்தவன் பிள்ளைக்கு நம்ம வீட்டுச் சட்டைய மாட்டி விட்டிருக்கான்னாரு அப்பா. தொண்ணூத்தொம்போதுல பூட்டினாங்க. எனக்குப் பத்தொம்பது வருஷம், அப்பாவுக்கு நாப்பத்துநாலு. எல்லாரும் கோப்பை, தொப்பின்னு எடுத்துட்டு வந்தாங்க. அப்பா ஏணி வச்சு கேட்டுல இருந்த அந்தப் பலகைய அவுத்துட்டு வந்து நம்ம ஷெட்டுல மாட்டிட்டாரு. அதுக்கப்புறம் ரெண்டு வருஷத்துல அந்தப் பேருல கார் வர்றதே நின்னுபோச்சு. எங்கிட்ட ஒண்ணு இருக்கு, தொண்ணூத்தெட்டு மாடல். உலகத்துல இந்த வாசல்ல நிக்கத் தகுதியான கார் அது ஒண்ணுதான்.

அன்னைக்கு நடந்ததைச் சொல்லணும், ஆமா. சனிக்கிழமை. அப்பா துணிமணி, சாமானெல்லாம் பிரிச்சு வைக்கணும்னு அட்டைப்பெட்டி எடுத்துட்டு வந்தான். ஏழு மணிநேரம் ஓட்டிட்டு. அவன் கதவு மூடின சத்தம் சமையலறைக்குக் கேட்டுச்சு. தொப்புனு. அடுப்புல சூப் வச்சிருந்தேன், தீயைக் குறைச்சேன். அப்புறம்தான் அந்த இன்னொரு சத்தம். போய்ப் பாத்தப்ப பெட்டியெல்லாம் ரோட்டுல கிடந்துச்சு. காலிப் பெட்டிங்கதான். காத்துல ஒண்ணு ஓடிட்டு இருந்துச்சு, நான் முதல்ல அதைத்தான் போய்ப் பிடிச்சேன். ஏன்னு தெரியல.

அதனால அப்பாவோட வழக்கம், பழக்க தோஷத்துல டேல் அங்க நிறுத்தினாரு, அப்படித்தானே எழுதுறீங்க? சரி.

என்ன கேட்டீங்க?

ஸ்க்ரூவா. ம். பளபளன்னுதான் இருக்கும். இருபத்தஞ்சு வருஷப் பலகையில புது ஸ்க்ரூ. நீங்க நல்லாப் பாக்குறீங்க தம்பி, சின்ன வயசுலயே.

அப்பா அதைக் கழட்டிட்டாரு. போன நவம்பர்ல. டேல் பாக்க வந்திருந்தான், அப்பாவ டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகணும், என் கார் அன்னைக்குக் கிளம்பல. வேற வழியில்லாம அப்பா அவன் கார்ல ஏறினாரு. திரும்பி வந்து இறங்கி, ரோட்டுலயே நின்னுக்கிட்டு, அந்தக் கதவ ரெண்டு விரல் வச்சுத் தள்ளினாரு. திறந்தாரு. மறுபடி தள்ளினாரு. நாலு தடவ. நான் ஜன்னல்ல பாத்துட்டே இருந்தேன். இதை யாருடா மாட்டினதுன்னு கேட்டாராம். இது யாருன்னு தெரியாதுப்பா, ஒம்போது வருஷம் நான் மாட்டிட்டு இருந்தேன், எனக்கப்புறம் நான் சொல்லிக் கொடுத்த பசங்கன்னானாம். எந்தக் கதவுன்னாராம். இடதுபக்க முன்கதவுன்னானாம்.

அவன் சாயங்காலம் கிளம்பிட்டான். மறுநாள் காலையில எம்பத்தெட்டு வயசுல, இடுப்புல கம்பிய வச்சுக்கிட்டு, மனுசன் ஏணியில நிக்கிறாரு. ஸ்க்ரூ துருப்பிடிச்சு உடைஞ்சு வந்துச்சு. பலகைய எங்கிட்ட கொடுத்துட்டு, லோரி, ஞாயித்துக்கிழம அவன் போன் பண்ணினா இனிமே உள்ள கொண்டாந்து விடச் சொல்லும்மா, நான் சொன்னா சிரிப்பான்னாரு.

ஞாயித்துக்கிழம போன் பண்ணினான். மழையப் பத்திப் பேசினோம். அடுத்த ஞாயிறும் பண்ணினான். நான் சொல்லல. வெர்னுக்காகக் கழலாத பலகை இவனுக்காகக் கழலுதேன்னு ஒரு நெனப்பு. கோவமெல்லாம் இல்ல, சும்மா வாயில வரல. அதுக்குள்ள அப்பா போயிட்டாரு. அடக்கத்தன்னைக்குக்கூட டேல் தலையக் குனிஞ்சுக்கிட்டே வந்து ரோட்டுலதான் நிறுத்தினான். பழக்கம். மேல பாக்கவே இல்ல.

எல்லாரும் போனப்புறம் அந்தச் சுவத்துல நாலு ஓட்டை தெரிஞ்சுட்டே இருந்துச்சு. பாக்க ஒரு மாதிரி இருந்துச்சு. கடையில போய் ஸ்க்ரூ வாங்கினேன். நான்தான் மாட்டினேன்.

சனிக்கிழம அவன் வாசல் முனையில வந்து நின்னான் தம்பி. பழக்க தோஷம்னு எழுதாதீங்க. நின்னான். கண்ணாடிய இறக்கி மேல பாத்தான். நான் கதவைத் திறந்தேன். இன்னுமாக்கான்னு கேட்டான். அப்பா ஆசைடான்னேன். அவன் சிரிச்சான். சரிக்கா, அவரு இருந்தா என்ன இல்லாட்டி என்னன்னு சொல்லிட்டு ரிவர்ஸ் எடுத்தான்.

கவனமில்லாம இல்ல. கேட்டுட்டுத்தான் நிறுத்தினான். அதை அப்படியே எழுதுங்க, மார்சி படிக்கணும். என் பேரையும் போட்டுக்கோங்க. எங்க கையெழுத்துப் போடணும்னு சொல்லுங்க.

உங்க கார் எங்க நிக்குது? அங்கயா, தபால்பெட்டிகிட்டயா? பலகையப் பாத்துட்டா?

உள்ள கொண்டாந்து விடுங்க தம்பி. பனி கூடுது.