இருக்கட்டுங்க

மித்சுயோ: தலையைக் கொஞ்சம் நிமித்துங்க வக்கீலம்மா. அசையாதீங்க, முடிச்சுப் போட வேணாமா?

ஷிஹோ: என்ன இது... சூடா...

மித்சுயோ: வெங்காயத்தாள். சுட்டு, துணியில சுத்தி எடுத்துக்கிட்டு வந்தேன். தொண்டை கட்டினா இதைக் கழுத்துல கட்டணும். ஒரு மணி நேரத்துல குரல் திறந்துக்கும்.

ஷிஹோ: மித்சுயோம்மா... இது கோர்ட்டு...

மித்சுயோ: என்ன? கேக்கல.

ஷிஹோ: நாறும்...

மித்சுயோ: நாறட்டும். நேத்து போன்ல எலி மாதிரி கீச்சு கீச்சுன்னு பேசினீங்களே, அப்பவே வெங்காயத்தாள் வாங்க ஓடினேன். இன்னிக்குப் பார்த்தா அந்தக் கீச்சும் இல்ல. நீங்க பேசுவீங்கன்னு நம்பித்தான நான் பஸ் ஏறினேன்?

ஷிஹோ: பேப்பர் எல்லாம்... குடுத்தாச்சு...

மித்சுயோ: பேப்பர் வாயைத் திறந்து பேசுமா? போன தடவை வக்கீல் இல்லாம தனியா வந்து நான் பண்ணி வச்ச கூத்துதான் உங்களுக்குத் தெரியுமே.

ஷிஹோ: ம்.

மித்சுயோ: மாசாமாசம் ஐம்பதாயிரம் யென் தர்றேங்கறாரு உங்க வீட்டுக்காரர், சம்மதமாம்மான்னு, ரெண்டு பக்கமும் பேசி முடிக்கக் கோர்ட்டு போட்ட அந்தச் சமரசர் கேட்டாரு. நான் ‘இருக்கட்டுங்க’ன்னேன். வேணாங்கற அர்த்தத்துல! இன்னும் கொஞ்சம் டீ ஊத்தட்டுமான்னு கேட்டா, இருக்கட்டுங்கன்னு கோப்பையைக் கையால மூடிக்கறோமே, அந்த மாதிரி. அவரு என்னடான்னா, ‘அப்படியே இருக்கட்டும்னு அம்மா ஒத்துக்கிட்டாங்க’ன்னு எழுதிக்கிட்டாரு.

ஷிஹோ: அதைத்தான்... மூணு பக்கம்...

மித்சுயோ: எழுதியிருக்கீங்க. தெரியும். பேசாதீங்க, தொண்டை புண்ணாகும். இந்த நோட்டுல எழுதிக் காட்டுங்க... ம்... கண்ணாடி எங்க வச்சேன்... ‘இன்னிக்கு நீதிபதி வந்து வாசிச்சுப் பதிவு பண்ணிட்டா, ஐம்பதாயிரம் உறுதியாயிடும்.’ ஐயோ, தெரியுமே! ‘அதுக்கு முன்னாடி உங்களைக் கேப்பாங்க. சம்மதமில்லைன்னு நீங்க உங்க வாயால சொல்லணும்.’

ஷிஹோ: ம்.

மித்சுயோ: ‘வாயால’ங்கறதுக்குக் கீழ எதுக்கு ரெண்டு கோடு?

ஷிஹோ: இன்னும்... கீழ படிங்க...

மித்சுயோ: ‘ரெண்டு பேர் சம்பளத்தையும் வச்சு எவ்வளவு தரணும்னு கோர்ட்டு போட்டிருக்கற அட்டவணைப்படி உங்களுக்கு மாசம் தொண்ணூறாயிரம் வரணும். அவர் ஒத்துக்கலைன்னா நீதிபதியே அதைப் பார்த்து முடிவு பண்ணுவார். நீங்க தலையாட்டினா மட்டும்தான் போயிடும்.’ ...அப்ப என் தலைதான் எனக்கு எதிரியா?

ஷிஹோ: ஆமா.

மித்சுயோ: அதை மட்டும் நல்லா சத்தமா சொல்லுங்க.

ஷிஹோ: ஒத்திகை... பார்ப்போம். நான்தான் சமரசர். ஐம்பதாயிரம். சம்மதமா?

மித்சுயோ: இருக்கட்டு...

ஷிஹோ: ஆ!

மித்சுயோ: தானா வருதுங்க! வாய் அப்படிப் பழகிப்போச்சு. முப்பத்திநாலு வருஷம். வெந்நீர் இந்தச் சூடு போதுமாங்கறாரா, இருக்கட்டுங்க. லீவுக்கு அவங்க அம்மா வீட்டுக்கே போகலாமாங்கறாரா, இருக்கட்டுங்க. வீட்டுல எல்லாரும் இறங்கிக் குளிக்கறது ஒரே தொட்டித் தண்ணி, அவருக்கு அது முப்பத்தெட்டு டிகிரியைத் தாண்டக் கூடாது. அதுல குளிச்சா எனக்கு எழுந்திரிக்கும்போது நடுங்கும். ஒரு நாள் வாயைத் திறந்து சொன்னதில்ல.

ஷிஹோ: இப்ப?

மித்சுயோ: இப்பவா? நாப்பத்திரெண்டு! வாடகை வீடுதான், ரெண்டு ரூம்தான், காத்தடிச்சா ஜன்னல் கடகடங்குது. ஆனா தொட்டியில இறங்கினா நண்டு மாதிரி சிவந்து போயி வெளிய வர்றேன். சந்தோஷமா இருக்கேன் வக்கீலம்மா. நிஜமாத்தான். அந்த வாடகையைக் குடுக்க முடியலைன்னாதான் எங்க போறதுன்னு பயம்.

ஷிஹோ: ஐம்பதாயிரத்துல... முடியுமா?

மித்சுயோ: முடியாது. ஸ்கூல் சமையல் கூடத்துல வர்ற சம்பளத்தைச் சேர்த்தாலும் முடியாது. என் மக வீட்டுக்குத்தான் போகணும், அங்க மாப்பிள்ளைக்குத் தோதான சூடு எத்தனை டிகிரியோ.

ஷிஹோ: அப்ப... சொல்லுங்க.

மித்சுயோ: எப்படிங்க சொல்றது? வீட்டை விட்டு வந்தது நானு. வந்தவளே கையை நீட்டிக் கேக்கறாளேன்னு நினைக்க மாட்டாங்க?

ஷிஹோ: நோட்டு...

மித்சுயோ: குடுங்க... ‘விவாகரத்து ஆகல. பிரிஞ்சிருந்தாலும் நீங்க அவர் மனைவி. குடும்பச் செலவுல உங்களுக்கும் பங்கு உண்டு. அவர் தயவு இல்ல, உங்க உரிமை.’ ...உங்க கையெழுத்து அழகா இருக்கு.

ஷிஹோ: மித்சுயோம்மா!

மித்சுயோ: சரி சரி. படிச்சேன்ல.

ஷிஹோ: சமையல் கூடத்துல... கத்துவீங்களாமே...

மித்சுயோ: அது வேற. நாலு கொப்பரை கொதிக்கும், பாத்திரம் கழுவற மெஷின் ஓடும், முந்நூறு பிள்ளைங்க பசியோட காத்திருக்கும். ‘சூப் ரெடி, தள்ளு’ன்னு கத்தலைன்னா ஒண்ணும் நகராது. அங்க யாரும் என்னைச் சம்மதமான்னு கேக்கறதில்ல.

சமரசர்: பதினாலாம் நம்பர், உள்ள வரலாம்.

மித்சுயோ: ஐயோ, நாமதான்! வக்கீலம்மா, குரல் வந்துச்சா? கொஞ்சமாவது?

ஷிஹோ: ...ஹ்...

மித்சுயோ: போச்சு.

*

சமரசர்: உட்காருங்கம்மா. குளிர்ல வந்திருக்கீங்க, ஹீட்டர் பக்கமா வாங்க. வக்கீலம்மாவுக்கு உடம்பு சரியில்லையோ?

மித்சுயோ: தொண்டைங்க. பேச்சே வரல.

சமரசர்: அடடா. அதான் இங்க ஏதோ... யாராவது சமைக்கறாங்களோன்னு பார்த்தேன்.

மித்சுயோ: வெங்காயத்தாளுங்க. நான்தான் கட்டிவிட்டேன்.

சமரசர்: எங்க வீட்டுலயும் கட்டுவாங்க. நல்லது. சரிம்மா, விஷயத்துக்கு வருவோம். போன தடவை பேசினதுல ஒரு குழப்பம்னு வக்கீலம்மா எழுதிக் குடுத்திருக்காங்க. படிச்சேன். ஆனா நான் உங்க வாயால கேக்கணும். உங்க வீட்டுக்காரர் எதிர் ரூம்ல காத்துக்கிட்டிருக்கார். ஐம்பதாயிரம்னா இன்னிக்கே முடிச்சுக்கலாங்கறார். நீங்க என்ன சொல்றீங்க?

மித்சுயோ: அவரு... நல்லா இருக்காரா?

சமரசர்: இருக்கார். கொஞ்சம் இளைச்ச மாதிரி தெரியுது.

மித்சுயோ: சாப்பிட மாட்டாரு. கரண்டு சோத்துப் பானையில எந்தப் பொத்தானை அமுக்கறதுன்னே தெரியாது அவருக்கு...

ஷிஹோ: ஹ்க்கும்.

மித்சுயோ: ஆமா. அது என் கவலை இல்ல.

சமரசர்: அப்ப ஐம்பதாயிரம்...

மித்சுயோ: வேணாங்க.

சமரசர்: வேணாமா? பணமே வேணாங்கறீங்களா? அப்படின்னா மனுவைத் திரும்ப வாங்கிக்கணும்...

மித்சுயோ: இல்ல, இல்ல! எழுதாதீங்க! பேனாவைக் கீழ வைங்க, ஐயா, தயவுசெஞ்சு!

சமரசர்: வச்சுட்டேம்மா.

மித்சுயோ: ஐம்பதாயிரம் பத்தாது. எனக்குச் சம்மதம் இல்ல. அட்டவணையில என்ன போட்டிருக்கோ அது வேணும். தொண்ணூறாயிரம். வீட்டை விட்டு வந்தாலும் நான் இன்னும் அவரு பொண்டாட்டிதான். முப்பத்திநாலு வருஷம் அந்தப் பானையை அமுக்கினது நான்தான். மன்னிச்சுக்குங்க.

சமரசர்: எதுக்கும்மா மன்னிப்பு?

மித்சுயோ: இல்ல... அது வாய் தவறி வந்துடுச்சு. மன்னிப்பு கேக்கல. மத்ததெல்லாம்தான் சொன்னேன்.

சமரசர்: நல்லாவே கேட்டுச்சும்மா. எதிர் ரூமுக்கும் கேட்டிருந்தா ஆச்சரியப்பட மாட்டேன்.

மித்சுயோ: ஐயையோ, கத்திட்டேனா?

சமரசர்: கொஞ்சம். வெளிய போய் உட்காருங்க. அவரைக் கூப்பிட்டுப் பேசறேன்.

*

மித்சுயோ: இந்த ஆரஞ்சை உரிச்சுக் குடுங்க, என்னால முடியல.

ஷிஹோ: நல்லா... பேசினீங்க.

மித்சுயோ: வேணாம்னு சொன்னா அதையும் தப்பா எடுத்துக்கறாரே மனுசன்! என்ன பாஷையோ நம்ம பாஷை. எவ்வளவு நேரமாச்சு?

ஷிஹோ: இருபது... நிமிஷம்...

மித்சுயோ: அவரு ஒத்துக்க மாட்டாரு. வைராக்கியம் பிடிச்சவரு. முட்டை ஊத்தற அந்தச் சதுரக் கல்லை மாத்தணும்னு கேட்டு ஆறு வருஷம் ஆச்சு. ஒத்துக்கிட்டாரா? ஆனா ஒண்ணு. ஒத்துக்கலைன்னாலும் பரவாயில்ல. நீதிபதி பார்த்துப்பாரு. நான் தலையாட்டல.

ஷிஹோ: ஆட்டல.

மித்சுயோ: ஆட்டவே இல்ல!

சமரசர்: பதினாலாம் நம்பர்...

மித்சுயோ: வந்துட்டாரு. மூஞ்சியைப் பாருங்க, என்னன்னு தெரியுதா?

சமரசர்: உட்காருங்கம்மா, எழுந்திரிக்க வேணாம். அவர் முதல்ல, ‘மித்சுயோவா சத்தம் போட்டா?’ன்னு கேட்டார். ஆமான்னேன். அட்டவணையைக் காட்டினேன். ஒத்துக்கிட்டார். தொண்ணூறாயிரம். நீதிபதி இப்ப வருவார்.

ஷிஹோ: அப்பாடா! ஜெயிச்சுட்டோம்!

சமரசர்: அட, வக்கீலம்மாவுக்குக் குரல் வந்துடுச்சே!

ஷிஹோ: ...ஹ்... அது... திடீர்னு...

மித்சுயோ: பார்த்தீங்களா ஐயா! வெங்காயத்தாள்! ஒரு மணி நேரம்னு சொன்னேன், கணக்கா ஒரு மணி நேரம்!

*

மித்சுயோ: பஸ் வர இன்னும் பத்து நிமிஷம் இருக்கு. அந்தத் துணியைக் குடுங்க, துவைச்சுக் குடுக்கறேன். உங்க ஆபீஸ்ல யாருக்காவது தொண்டை கட்டினா எனக்கு ஒரு போன் போடுங்க. நீதிபதியே எப்படிச் சுடணும்னு கேட்டாரே, கவனிச்சீங்களா?

ஷிஹோ: மித்சுயோம்மா. ஒண்ணு சொல்லணும்.

மித்சுயோ: எவ்வளவு தெளிவா வருது பாருங்க குரல்!

ஷிஹோ: அதான் சொல்ல வந்தேன். என் தொண்டைக்கு ஒண்ணுமே ஆகல.

மித்சுயோ: ஆமா, இப்ப ஒண்ணுமில்ல.

ஷிஹோ: நேத்தும் ஒண்ணுமில்ல. காலையிலயும் ஒண்ணுமில்ல. நடிச்சேன்.

மித்சுயோ: ...எலி மாதிரி பேசினது?

ஷிஹோ: நடிப்பு.

மித்சுயோ: ஹ்க்கும்னு கனைச்சது?

ஷிஹோ: அது மட்டும் நிஜம். நீங்க அவர் சோத்துப் பானையைப் பத்திக் கவலைப்பட ஆரம்பிச்சீங்க.

மித்சுயோ: எதுக்குங்க இப்படி? என் உயிரே போயி வந்துச்சே!

ஷிஹோ: சட்ட உதவி மையத்துல முதல் நாள் நமக்கு அரை மணி நேரம் குடுத்தாங்க. ஞாபகம் இருக்கா? அதுல இருபது நிமிஷம் நீங்க என்கிட்ட மன்னிப்பு கேட்டீங்க. உள்ள நான் பேசியிருந்தா இன்னிக்கு நிச்சயமா ஜெயிச்சிருப்போம். ஆனா ரெண்டு மாசம் கழிச்சு அவர் உங்களுக்குப் போன் பண்ணி, ‘கை கடிக்குது, கொஞ்சம் குறைச்சுக்கலாமா’ன்னு கேப்பார். அப்ப நான் பக்கத்துல இருக்க மாட்டேன். நிஜமாவே நீங்க திணறியிருந்தா நான் வாயைத் திறந்திருப்பேன், சத்தியமா.

மித்சுயோ: அப்ப வெங்காயத்தாள்?

ஷிஹோ: அதை நான் எதிர்பார்க்கல.

மித்சுயோ: கழுத்துல அதைக் கட்டிக்கிட்டு நீதிபதி முன்னாடி குனிஞ்சு வணக்கம் சொன்னீங்களே...

ஷிஹோ: சிரிக்காதீங்க. இந்தக் கோட்டு சலவைக்குப் போனாலும் வாசனை போகாது. கோவமா என் மேல?

மித்சுயோ: கோவப்படத்தான் பார்க்கறேன், வர மாட்டேங்குது. இவ்வளவு சந்தோஷமா நான் இருந்து எவ்வளவு நாளாச்சு தெரியுமா? ...வக்கீலம்மா, நீங்க உண்மையைச் சொல்லிட்டீங்க. இப்ப நான் சொல்லாம இருந்தா நல்லாயிருக்காது.

ஷிஹோ: நீங்களா? நீங்க என்ன மறைச்சீங்க?

மித்சுயோ: அந்த மூணு பக்கம் எழுதினீங்களே...

ஷிஹோ: ஆமா. டீக்குச் சொன்னா ஒரு அர்த்தம், பணத்துக்குச் சொன்னா ஒரு அர்த்தம்னு அகராதியெல்லாம் புரட்டி எழுதினேன். நான் எழுதினதுலயே நல்ல மனு அதுதான். ஏன், அதுல ஏதாவது தப்பா?

மித்சுயோ: அந்தச் சமரசர் பாவம், அன்னிக்குச் சரியாத்தான் எழுதிக்கிட்டாரு. பயந்துபோய் நான் இருக்கட்டுங்கன்னது சம்மதங்கற அர்த்தத்துலதான்.