பென்போல்டு துரையின் ஐம்பதாவது ரன்

அவைத் தலைவர் சிவப்பிரகாச முதலியார் அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் பெரியோர்களே, மறைந்த நம் துரைக்காக அரைநாள் வேலையை விட்டு வந்திருக்கும் தாய்மார்களே, தோழர்களே! ஆட்டக் கழகத்தின் காரியதரிசி என்பதால் என்னைப் பேசச் சொன்னீர்கள். என் வாய் எப்படிப்பட்டது என்று திருத்தணிக்கே தெரியும். இன்று அந்த வாய் என்னைப் பற்றியே பேசப் போகிறது.

யார் இந்த ஆல்பர்ட் பென்போல்டு? சீமையில் பதினோரு வருஷம் கோடையில் கிரிக்கெட்டும் குளிரில் கால்பந்தும் ஆடியவர்! விக்கெட்டுக்குப் பின்னால் நின்று பந்து பிடித்தே இரண்டு விரல்களைக் கோணலாக்கிக்கொண்டவர். கோல் வாசலில் மூன்று பற்களைப் பறிகொடுத்தவர். பற்களை உடைத்தது துரைசானி என்று அரக்கோணம் வரை பரப்பியவன் அடியேன். அவருக்குக் கல்யாணமே ஆகவில்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது!

இங்கே ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, யுத்தம் முடிந்து கப்பல் கிடைத்தும் ஊர் திரும்பாதவர் யார்? பென்போல்டு துரை! நந்தியாற்றோரம் முள் வெட்டி மைதானம் கண்டு, பூட்ஸ் இல்லாத நம்மவர்களோடு தானும் வெறுங்காலால் பந்து உதைத்தவர் யார்? பென்போல்டு துரை!

அவருக்கும் ஒரு குறை. சீமையில் அவர் எடுத்த அதிகபட்ச ரன் நாற்பத்தொன்பது. ஐம்பதைத் தொட்டதே இல்லை.

சென்ற மாசியில் அரக்கோணத்து அணியோடு ஆடியபோது, அறுபத்திரண்டு வயதில், மறுபடியும் நாற்பத்தொன்பதில் நின்றார். ஸ்கோர் புத்தகம் என் மடியில். பந்து அவர் காலில் பட்டு விலகியது. ஒரு ரன் ஓடினார்கள். காலில் பட்ட ரன் அணிக்குச் சேருமே தவிர ஆடியவருக்குச் சேராது. அம்பயர் முழங்காலைத் தட்டிக் காட்டினார். பார்த்தேன் ஐயா, இந்தக் கண்ணாலேயே பார்த்தேன்! பார்த்துவிட்டு ஐம்பது என்று எழுதினேன். அந்த ரன்னோடு ஆட்டமும் முடிந்தது. பூமாலை வந்தது, மேளம் வந்தது.

மறுமுனையில் நம் அணிக்காக ஆடிய வேடியப்பன் மட்டும் என்னிடம் வந்தான்.

"கால்ல பட்டதுங்க. எதுர்ல நின்னுகினு பாத்தேன்."

"ஏன்டா, துரைக்கு ஒரு நல்லது நடந்தா உனக்கு வயிறு எரியுதா?"

கூலிக்காரன் பேச்சு எடுபடுமா? அத்தோடு அவனை அணியிலிருந்து நிறுத்தினோம். நிறுத்தினோம் என்ன, நிறுத்தினேன்.

மறுநாள் துரை என் வீட்டுக்கே வந்தார். "நேத்து அந்தக் கூட்டத்திலே வாய் வரல்லே, பாபு. அது கால். புக்கைத் திருத்து. வேடியப்பன்கிட்ட சொல்லு."

"ஆங், ஆவட்டும் துரை" என்றேன். திருத்தவில்லை. சொல்லவும் இல்லை. மூன்றாம் வாரம் காய்ச்சலில் கிடந்தவர், "வேடியப்பன் ஏன் வரல்லே?" என்று கேட்டார்.

"அறுப்புக்குப் போய்கினு இருக்கான் துரை."

அவரிடம் நான் கடைசியாகப் பேசியது இந்தப் பொய்தான்!

நினைவுக் கல்லில் ஐம்பது என்று வெட்டத் தீர்மானம் போட்டிருக்கிறீர்கள். முதலியாரவர்களே, கோபித்துக்கொள்ளாதீர்கள். நாற்பத்தொன்பது என்று வெட்டுங்கள். இதோ, உங்கள் முன்னிலையில் புத்தகத்தைத் திருத்துகிறேன். இனி இதை நான் தொடமாட்டேன்.

அதோ, கூட்டத்தின் கடைசியில் நிற்கிறான். வேடியப்பா, ஞாயிற்றுக்கிழமை ஆட வருவாயா? என்ன? உரக்கச் சொல்லப்பா!

"ஆட்டம் கெடக்கட்டுங்க. என்னைக் கேட்டாருன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, ஓடியாந்து பாத்திருப்பனே" என்கிறான்.

பெரியோர்களே, துரை தொடங்கிய ஆட்டத்தை நாம் நிறுத்தப் போவதில்லை. ஆனால் அவன் மனம் இறங்கி வரும்வரை அந்த இடத்தில் வேறு ஆளை இறக்கவும் மாட்டோம். அதுவரை திருத்தணி பத்துப் பேரோடுதான் ஆடும்.