பன்னிரண்டாவது படி

கவுன்ட்டர்: ...இருங்க, இருங்க. தானா ஆயிடுச்சுன்னா? நீங்க தொடவே இல்லையா?

மாப்பிள்ளை: தொடாம எப்படி மேடம் ஒரு போனை வெச்சுக்க முடியும்? தொட்டேன். ஆனா... அந்த மாதிரி தொடல.

கவுன்ட்டர்: எந்த மாதிரி?

மாப்பிள்ளை: நீங்க நெனைக்கிற மாதிரி.

கவுன்ட்டர்: நான் இன்னும் ஒண்ணுமே நெனைக்கல சார். கடை தொறந்து அஞ்சு நிமிஷந்தான் ஆச்சு. நீங்கதான் முதல் ஆளு. போனைத் துண்டுல சுத்திக் கொண்டு வந்திருக்கீங்க. எதுக்குத் துண்டு?

மாப்பிள்ளை: குளிருமேன்னு...

கவுன்ட்டர்: போனுக்கா?

மாப்பிள்ளை: மேடம், மேடம், அதை மட்டும் இங்க பிரிக்காதீங்க. கொஞ்சம் அந்த மூலைக்குப் போயி...

போன்: கெழவி வந்தாச்சு! எல்லாரும் எந்திரிங்க!

கவுன்ட்டர்: என்ன சார் இது?

மாப்பிள்ளை: இதான் கம்ப்ளைன்ட். ஆன் ஆகும்போது உங்க கம்பெனிப் பாட்டு ஒண்ணு வருமே, டிங் டிடிங்னு... அதுக்குப் பதிலா இப்படி வருது. பாதி ஆன் ஆகுது, கத்துது, அணையுது. மறுபடி ஆன் ஆகுது, மறுபடி கத்துது. காலையில ஆறு மணியிலேருந்து ஓயல.

கவுன்ட்டர்: குரல் உங்க குரல் மாதிரியே இருக்கே.

மாப்பிள்ளை: ஆம்பளைங்க குரல் எல்லாமே ஒரே மாதிரிதான் இருக்கும் மேடம்.

கவுன்ட்டர்: எங்க, "கெழவி வந்தாச்சு"ன்னு ஒருவாட்டி சொல்லுங்க.

மாப்பிள்ளை: எதுக்கு?

கவுன்ட்டர்: சும்மா. ஒத்து வருதான்னு பாக்கத்தான்.

மாப்பிள்ளை: தொண்டை கட்டியிருக்கு.

கவுன்ட்டர்: பூப்போட்ட கவர்... உள்ள மூக்குக்கண்ணாடி தொடைக்கிற துணி மடிச்சு வெச்சிருக்கு. போன் யாரோடது?

மாப்பிள்ளை: வீட்டோடது.

கவுன்ட்டர்: வீட்ல யாரோடது?

மாப்பிள்ளை: ...மாமியாரோடது.

கவுன்ட்டர்: அய்யய்யோ! அப்ப அந்தக் கெழவி...

மாப்பிள்ளை: நீங்க வேற அதை வாய்விட்டுச் சொல்லாதீங்க மேடம்.

கவுன்ட்டர்: அவங்க போன் உங்க கைக்கு எப்படி வந்துச்சு?

மாப்பிள்ளை: கண்ணாடி ஒட்டிட்டு வரச் சொன்னாங்க. ஸ்கிரீன் மேல ஒட்டுற கண்ணாடி. அவ்ளோதான் வேலை.

கவுன்ட்டர்: ஒட்டினீங்களா?

மாப்பிள்ளை: அது ஒண்ணுதான் ஒழுங்கா ஒட்டியிருக்கு. ஒரு குமிழி கெடையாது, பாருங்க.

கவுன்ட்டர்: அதோட கை சும்மா இருந்திருக்காதே.

மாப்பிள்ளை: நீங்களே சொல்லுங்க மேடம், உங்க கம்பெனி அதுக்குள்ள ஏத்தி விட்டிருக்கிற குப்பை கொஞ்சமா? மூணு கேம், ரெண்டு நியூஸு, ஒரு கடை... எதையும் அழிக்க விடாது. பாவம், பொண்ணுக்குப் போன் போடப் போவாங்க, மிட்டாய் கேம் தொறக்கும். தெனமும் அதோட சண்டை. எல்லாத்தையும் வழிச்சு எடுத்துக் குடுத்தா சந்தோஷப்படுவாங்களேன்னு...

கவுன்ட்டர்: ஆக, தொட்டிருக்கீங்க.

மாப்பிள்ளை: ...லேசா.

கவுன்ட்டர்: பூட்டைத் தொறந்தீங்களா?

மாப்பிள்ளை: எந்தப் பூட்டு?

கவுன்ட்டர்: சார். ஸ்கிரீன் மூலையில சின்னதா ஒரு தொறந்த பூட்டுப் படம் வருது. அது கம்பெனி போட்ட பூட்டு. எந்தப் போனும் அதைத் தானா தொறந்துக்காது.

மாப்பிள்ளை: ...தொறந்தேன்.

கவுன்ட்டர்: தொறந்தா உள்ள இருக்கிறது மொத்தமும் அழிஞ்சிருமே! அவங்க போட்டோ எல்லாம்...

மாப்பிள்ளை: அதை முன்னாடியே லேப்டாப்ல எடுத்து வெச்சுட்டேன். அஞ்சாவது படியில சொல்லியிருந்துச்சு.

கவுன்ட்டர்: பரவாயில்லையே. அஞ்சாவது வரைக்கும் படிச்சிருக்கீங்க.

மாப்பிள்ளை: அதுக்கு மேல இருக்குன்னு உங்களுக்கு...

கவுன்ட்டர்: பொதுவா சொன்னேன். என்ன வேலை பாக்குறீங்க?

மாப்பிள்ளை: லிஃப்ட் மெக்கானிக்.

கவுன்ட்டர்: அடடா! ஊர்ல மாட்டினவங்களையெல்லாம் வெளிய எடுத்து விட்டுட்டு, கடைசியில நீங்க போயி மாட்டிக்கிட்டீங்களா?

மாப்பிள்ளை: கிண்டல் பண்ற நேரமா மேடம் இது? பதினோரு மணிக்கு அவங்க கையில இது இருக்கணும். மூணு வருஷம்! கல்யாணம் ஆகி மூணு வருஷமா என்கிட்ட நேரா ஒரு வார்த்தை பேசினதில்ல. எதிர்லயே உக்காந்திருப்பேன். "அவருக்கு இன்னும் கொஞ்சம் வேணுமான்னு கேளு"ன்னு பொண்ணுகிட்ட சொல்லுவாங்க. நேத்துதான் முதல்முறையா என் மூஞ்சியப் பாத்து, "மாப்பிள்ளை, இதுக்கு ஒரு கண்ணாடி ஒட்டிக் குடுக்கிறீங்களா"ன்னாங்க. எனக்கு நெஞ்செல்லாம் நெறஞ்சு போச்சு.

கவுன்ட்டர்: அந்த நெறைவுலதான் கெழவின்னீங்களா?

மாப்பிள்ளை: அது டெஸ்டுக்கு மேடம்! கம்பெனிப் பாட்டைத் தூக்கிட்டு, நல்லதா ஒரு புல்லாங்குழல் வைக்கலாம்னு எடுத்தும் வெச்சிருந்தேன். முதல்ல சத்தம் வருதான்னு பாக்கணுமில்ல? வாய்க்கு வந்ததைப் பேசி ஏத்தினேன். பக்கத்துல பொண்டாட்டி இருந்தா, அவ சிரிக்கணுமேன்னு...

கவுன்ட்டர்: சிரிச்சாங்களா?

மாப்பிள்ளை: சிரிச்சா. அதோட போன் போச்சு. அப்புறம் அவ சிரிக்கல.

போன்: கெழவி வந்தாச்சு! எல்லாரும் எந்திரிங்க!

கவுன்ட்டர்: அழுத்திப் பிடிச்சு அணைச்சு வைக்கலாம்ல?

மாப்பிள்ளை: அணைச்சா அதுவா எந்திரிக்குது. பேட்டரி தீரட்டும்னு காத்திருந்தா, அதுவும் தீரல. நல்ல போன் மேடம் அது.

கவுன்ட்டர்: யார் சொன்னதைப் பாத்துப் பண்ணீங்க?

மாப்பிள்ளை: அதைக் கேக்காதீங்க.

கவுன்ட்டர்: சொன்னாத்தான் சரி பண்ண முடியும்.

மாப்பிள்ளை: ...சிம் ஊசி.

கவுன்ட்டர்: என்ன ஊசி?

மாப்பிள்ளை: கேள்விப்பட்டதில்லையா? சிம்மை வெளிய எடுக்கக் குத்துவோமே, அந்த ஊசி. அந்தப் பேர்ல நெட்ல எழுதுறாரு. உங்க கம்பெனி போன் ஒண்ணு விடாம எல்லாத்துக்கும் வழி சொல்லி வெச்சிருக்காரு. பெரிய கை.

கவுன்ட்டர்: ஆம்பளைன்னு யாரு சொன்னா?

மாப்பிள்ளை: படிச்சாலே தெரியுதே. நெஞ்சு வரைக்கும் தாடி வெச்ச ஆளாத்தான் இருப்பாரு. ஆனா ஒண்ணு, மனுஷனுக்கு எழுத வரல. வளவளா கொழகொழா.

கவுன்ட்டர்: வளவளாவா!

மாப்பிள்ளை: பின்ன? இருபது படி. அதுல பன்னெண்டாவது மட்டும் ஒரு முழுப் பக்கம். எவன் உக்காந்து படிப்பான்?

கவுன்ட்டர்: ஆக, பன்னெண்டைப் படிக்கல.

மாப்பிள்ளை: தாண்டிட்டேன். அங்க ரெண்டு ஃபைல் இருந்துச்சு. மேல ஒண்ணு, கீழ ஒண்ணு. எங்க தொழில்ல எப்பவுமே மேல்மாடியில ஆரம்பிச்சுக் கீழ வருவோம். அந்தப் பழக்கத்துல மேல இருந்ததைப் போட்டேன்.

கவுன்ட்டர்: லிஃப்டுன்னு நெனைச்சீங்களா அதை! மேல இருக்கிறது வெளிக்கடையில வாங்கின போனுக்கு. கீழ இருக்கிறதுதான் கம்பெனியே வித்த போனுக்கு. ரெண்டும் பாக்க ஒண்ணு, உள்ள வேற. மாத்திப் போட்டா இப்படித்தான் எந்திரிச்சு எந்திரிச்சு விழும்.

மாப்பிள்ளை: இவ்ளோ கரெக்டா எப்படி...

கவுன்ட்டர்: ஷ்ஷ்! மேனேஜர் வர்றாரு. துண்டைப் போடுங்க.

மேனேஜர்: என்னம்மா, காலங்காத்தால கடைக்குள்ள யாரோ கெழவி கெழவின்னு கத்துறாங்க? வாசல் வரைக்கும் வந்த ஒரு அம்மா அப்படியே திரும்பிப் போறாங்க.

கவுன்ட்டர்: விளம்பரம் சார். பெரியவங்களுக்குப் புதுசா ஒரு பிளான்.

மேனேஜர்: எனக்குச் சொல்லவே இல்லையே?

கவுன்ட்டர்: மெயில் வந்துச்சே சார். நீங்கதான் ரெண்டு நாளா போனையே பாக்குறதில்ல.

மேனேஜர்: அது சார்ஜ்ல கெடக்கு.

கவுன்ட்டர்: முந்தாநேத்தும் சார்ஜ்லதான் கெடந்துச்சு.

மேனேஜர்: பெரிய பேட்டரிம்மா. அந்த டேபிள் போனை இப்படித் தள்ளு, வீட்டுக்குப் பேசணும்.

மாப்பிள்ளை: சார், உள்ள எங்கயோ குயில் கூவுது.

மேனேஜர்: மரத்துல இருக்கும்.

மாப்பிள்ளை: உங்க ரூம்ல ஜன்னலே இல்லையே?

மேனேஜர்: யாரும்மா இவரு?

கவுன்ட்டர்: கண்ணாடி ஒட்ட வந்திருக்காரு சார்.

போன்: கெழவி வந்தாச்சு! எல்லாரும் எந்திரிங்க!

மேனேஜர்: ...விளம்பரம் துண்டுக்குள்ளேருந்து வருது.

கவுன்ட்டர்: அது வந்து சார்...

மேனேஜர்: எடும்மா அதை. ...ம். பூட்டுத் தொறந்திருக்கு. சுவத்துல என்ன ஒட்டி வெச்சிருக்கேன்? படி. சத்தமாப் படி.

கவுன்ட்டர்: "நம் நிறுவனப் பூட்டைத் திறந்த போன் எதுவானாலும் உடனே தலைமை அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். சிம் ஊசி என்ற பெயரில் வழிமுறை எழுதுபவர் நம் ஊழியர்களில் ஒருவர் எனச் சந்தேகிக்கப்படுகிறது. கண்டறியப்பட்டால் உடனடிப் பணிநீக்கம்."

மேனேஜர்: பணிநீக்கம்! கேட்டுச்சா?

கவுன்ட்டர்: கேட்டுச்சு சார்.

மாப்பிள்ளை: சார், தலைமை அலுவலகம் போனா எப்ப திரும்பி வரும்?

மேனேஜர்: ரெண்டு வாரம், மூணு வாரம். ஆளுங்களும் வருவாங்க. யார் கை பட்டுச்சுன்னு கடையையே கவுத்துப் போட்டுத் தேடுவாங்க. ஒவ்வொரு டிராயரையும்... என் ரூம் டிராயரையும்...

கவுன்ட்டர்: சார்?

மேனேஜர்: ...இல்ல, எதுக்குச் சொல்றேன்னா... இவரு பாத்தா நல்ல மனுஷனாத் தெரியிறாரு. பத்து நிமிஷம் நான் உள்ள இருக்கேன். வெளிய வரும்போது இந்தத் துண்டு என் கண்ணுல படக் கூடாது. என்ன?

கவுன்ட்டர்: சரி சார்.

மாப்பிள்ளை: தங்கமான மனுஷன் மேடம்!

கவுன்ட்டர்: எனக்கே ஆச்சரியமா இருக்கு. நேத்து ஒரு ஸ்டேப்ளர் காணோம்னு என் பையைத் தொறக்கச் சொன்னவரு. ...குடுங்கண்ணே அதை. வயரைப் பிடிங்க. ரெண்டு பட்டனையும் சேத்து அமுக்குங்க. விடாதீங்க, நான் சொல்ற வரைக்கும் விடாதீங்க.

மாப்பிள்ளை: எவ்ளோ நேரம்?

கவுன்ட்டர்: லிஃப்ட் கதவை எவ்ளோ நேரம் பிடிப்பீங்க? அவ்ளோ நேரம்.

மாப்பிள்ளை: அந்தப் பென்டிரைவ்ல என்ன இருக்கு?

கவுன்ட்டர்: கீழ இருந்த ஃபைல்.

மாப்பிள்ளை: அது எப்படி உங்க சாவிக்கொத்துல...

கவுன்ட்டர்: ரோட்ல கெடந்துச்சு. பேசாம பிடிங்கண்ணே. ...இப்ப விடுங்க. உங்க புல்லாங்குழலை எதுல வெச்சிருக்கீங்க?

மாப்பிள்ளை: என் போன்ல இருக்கு. இந்தாங்க. மேடம்... போட்டோவெல்லாம் திரும்ப வந்துரும்ல?

கவுன்ட்டர்: வீட்டுக்குப் போனதும் லேப்டாப்லேருந்து ஏத்திருங்க. மிட்டாய் கேமை ஏத்தாதீங்க. ...ஓடுது. தொண்ணூறு... நூறு. இப்ப ஆன் ஆகும். காதைக் குடுங்க.

மாப்பிள்ளை: பயமா இருக்கு மேடம்.

கவுன்ட்டர்: எனக்குந்தான்.

போன்: ♪...♪...♪

மாப்பிள்ளை: ...வந்துருச்சு! புல்லாங்குழல்! நின்னுடுச்சு பாருங்க, அணையாம நிக்குது! மேடம், நீங்க நல்லா இருக்கணும். இப்ப மணி என்ன? பத்தே கால். போதும், ஓடிப் போயிக் குடுத்துருவேன். "மாப்பிள்ளை"ன்னு இன்னொரு தடவ கூப்பிடுவாங்க பாருங்க!

கவுன்ட்டர்: போங்க. வழியில எதையும் தொடாதீங்க.

மாப்பிள்ளை: மாட்டேன். இனிமே அந்த ஊசிப் பய எழுதறதை மட்டும் ஜென்மத்துக்கும் நம்ப மாட்டேன். மொட்டையா ரெண்டு ஃபைலை வெச்சுட்டுப் போயிட்டான், ஒரு எச்சரிக்கை கெடையாது...

கவுன்ட்டர்: எச்சரிக்கை கெடையாதா? செவப்பு எழுத்துல, கட்டம் கட்டி, "மேலே இருப்பதை அவசரப்பட்டு எடுக்காதீர்கள்"னு மூணு தடவ போட்டிருந்தேன்! ஒரு ராத்திரி முழுக்க உக்காந்து எழுதினேன் அந்தப் பக்கத்தை!

மாப்பிள்ளை: மேடம்... அந்தக் காலர்ல குத்தியிருக்கிறது... சிம் ஊசியா?

கவுன்ட்டர்: சேஃப்டி பின்.

மாப்பிள்ளை: தாடி இல்லையே...

கவுன்ட்டர்: மெதுவாண்ணே! வேலை போயிரும். உள்ள காது ரொம்பக் கூர்மை... அய்யோ. சார், நீங்க எப்ப வந்தீங்க?

மேனேஜர்: புல்லாங்குழல் வரும்போதே வந்துட்டேன். ஏம்மா ஊசி... அந்தப் பென்டிரைவை எடுத்துக்கிட்டுக் கொஞ்சம் என் ரூமுக்கு வா. பன்னெண்டாவது படியை நானும் படிக்கல. நான் ஏத்தின அந்தக் குயிலு முந்தாநேத்துலேருந்து என் டிராயருக்குள்ள கூவிக்கிட்டே கெடக்கு.