புதுக் காரின் கடகடப்பு

"புதுக் கார் எண்டா சத்தம் போடுமாம், எனக்குத்தான் பழகேல்லையாம்!"

குறிகட்டுவானில் நயினாதீவுப் படகுக்கு நின்ற வரிசையில், எனக்கு முன்னால் நின்ற பெண் சிநேகிதியிடம் பொரிந்தாள். இருவரும் ஊர்காவற்றுறையில் ஆசிரியைகள் என்பது பேச்சில் தெரிந்தது.

"ஆர் அக்கா சொன்னது?"

"கார் வித்த கொம்பனியின்ரை கராஜ்காரர்தான். முன்பக்கம் பொனற்று மூடிக்குள்ள கடகடவெண்டு அடிக்குது எண்டு மூண்டுதரம் கொண்டுபோனனான். முதல்ல, தீவு றோட்டிலதான் பிழை எண்டாங்கள். பிறகு, பொம்பிளையள் கிளச்சை மிதிக்கிற விதம் சரியில்லையாம். கிளச்சே இல்லாத கார், தங்கச்சி!"

"அட கடவுளே! பேந்து?"

"சரவணையில வள்ளத்து எஞ்சின் திருத்துற அண்ணையிட்டைக் காட்டினனான். மனுசன் பொனற்றைத் திறந்துபோட்டு, என்னைக் காரைப் பிடிச்சு ஆட்டச் சொன்னார். சத்தம் வந்த இடத்தில, பற்றரிக்குக் கீழ கையை விட்டார். ஒரு ஸ்பானர் வந்துது. விக்க முதல் கராஜில வேலை செய்தவங்கள் விட்ட சாமான்."

"அவங்களைச் சும்மா விட்டனீங்களோ?"

"உடன போன் எடுத்து ஏசினனான். போனை எடுத்தவனுக்கு ஸ்பானர் கிடந்த கதையையும் சொன்னனான்."

"மன்னிப்புக் கேட்டிருப்பான்."

"மன்னிப்போ? 'பன்னிரண்டாம் நம்பர் ஸ்பானரோ, ரீச்சர்? அதைத்தான் நாங்கள் இவ்வளவு நாளாத் தேடிக்கொண்டிருந்தனாங்கள். இஞ்சால வரேக்க மறக்காமல் கொண்டுவாங்கோ' எண்டான்!"